மணவண்டியில் பள்ளிக்கு

முடிச்சூரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தின் மூன்றாம் தளத்தில் ஓர் இளங்குடும்பம் இருக்கிறது. கணவன், மனைவி இருவரும் பணிக்குச் செல்பவர்கள். மகள் நான்காம் வகுப்பில் படிக்கிறாள். சென்ற வாரம் மின்தூக்கிக்காகக் காத்து நின்றபோது அந்தப் பெண்மணி என்னிடம் கேட்டாள்: "ஆன்ட்டி, மதுரைல கசின் கல்யாணம். வெள்ளி, திங்கள் ரெண்டு நாள் லீவ் போடணும். சின்ன கிளாஸ்தானே, என்ன மிஸ் ஆயிடப் போகுது?"

ஓய்வுபெற்ற தமிழாசிரியை என்பதால் இத்தகைய ஐயங்கள் என்னைத் தேடி வருவது வழக்கம். இரண்டு நாளில் ஒன்றும் குடிமுழுகிப் போகாது என்று சொல்லியிருக்கலாம். அதற்குள் மின்தூக்கி வந்துவிட்டது. அதில் ஏறிக்கொண்டேன், ஆனால் நினைவு ஒரு மாட்டுவண்டியில் ஏறிச் சென்றுகொண்டிருந்தது.

இந்த அடுக்ககம் நிற்கும் நிலத்தில் என் சிறுவயதில் நெல் விளைந்தது. எங்கள் குடும்பமும் உழுது பயிரிட்டு வாழ்ந்தது. நான் தாம்பரத்தில் பெண்கள் பள்ளியொன்றில் ஆறாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய பெண் வேறு எவரும் இல்லை. மற்றப் பெண்களை யாரும் பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள் என்று சொல்ல முடியாது. நடவுக்கு நான்கு நாள், அக்காளின் பிள்ளைப்பேற்றுக்கு ஒரு வாரம், காதணி விழாவுக்கு இரண்டு நாள் என்று விடுப்பு எடுத்தார்கள். திரும்பிச் சென்றபோது பாடம் வெகுதூரம் போயிருந்தது. விளங்காத வகுப்பில் விழித்துக்கொண்டு உட்கார வெட்கப்பட்டு மேலும் இரண்டு நாள் வீட்டில் தங்கினார்கள். பின்னர் அந்த வழக்கமே நிலைத்துவிட்டது. என் அத்தையின் மகள்கள் இருவரும் இவ்வாறுதான் வீட்டோடு தங்கிவிட்டனர்.

என் அம்மாவோ இவ்வொரு செய்தியில் மட்டும் வளைந்து கொடுக்காதவள். நடவுக் காலத்தில் எனக்குரிய வீட்டு வேலைகளையும் தானே விடியுமுன் முடித்துவிடுவாள். தலை வலிக்கிறது என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். சுட்டால் பாய் விரிப்பாள், சுடாவிட்டால் பையைக் கையில் கொடுப்பாள். மழை பெய்தால் கோணிப்பையை மடித்துத் தலையில் கவிழ்த்து அனுப்புவாள். ஏன் இத்தனை கண்டிப்பு என்று கேட்டால், மணி ஆகிறது என்று வாசலைக் காட்டுவாள்.

அவ்வாண்டில் என் அண்ணாவுக்குத் திருமணம் நிச்சயமானது. மணமகன் வீட்டிலேயே மணம் நடத்துவது எங்கள் வழக்கம். தாலியின் முதல் முடிச்சை மணமகன் போட, எஞ்சிய முடிச்சுகளை அவனுடைய உடன்பிறந்தாள் போட வேண்டும். பின்னர் மணமகளின் அருகில் விளக்கேந்தி நிற்பதும், முதற்பந்தியில் மணமகளின் பக்கத்து இலையில் அமர்வதும் அந்த உடன்பிறந்தாளுக்கே உரியவை. பெண் வீட்டார் அவளுக்குப் பட்டுத் துணி வைத்த தட்டொன்றும் தருவார்கள். அண்ணாவுக்கு உடன்பிறந்தவள் நான் ஒருத்திதான். பல நாள்களாக அந்தத் தட்டையும் பந்தியையும் கனவு கண்டுகொண்டிருந்தேன்.

முகூர்த்தம் விடியற்காலையில் அமைந்தது. எஞ்சிய முடிச்சுகளைப் போட்டேன். அட்சதை விழுந்தது. கதிரவன் நன்றாக மேலேறிய வேளையில் விளக்கை வாங்கக் கை நீட்டினேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த அம்மாவின் கையில் என் பள்ளிப் பை இருந்தது.

"கெளம்பு. மணி ஆவுது."

அப்பாவின் அக்காளாகிய அத்தைதான் முதலில் பேசினாள். "ஏம்மா, உனக்குப் புத்தி கித்தி கெட்டுப் போச்சா? நாத்தனா முடிச்சு போட்ட கையோட பொண்ணு பள்ளிக்கூடம் போறதா? சம்பந்தி வூட்டுல இன்னா நெனப்பாங்க?"

"இன்னிக்குப் பள்ளிக்கூடம் கீது, அண்ணி."

"ஒரு நாளு போவாட்டி இன்னா? அப்புறம் மறுவூடு கீது, விருந்து கீது, புதுப் பொண்ணுக்குத் தொணைக்கு ஒருத்தி வேணும். பத்து நாளு இருந்துட்டுப் போவட்டுமே. அவ படிச்சு இன்னா கலெக்டராவா ஆவப் போறா?"

நான் முழுமனத்துடன் அத்தையின் பக்கம் இருந்தேன். அம்மா சற்றும் குரலை உயர்த்தவில்லை. எரிந்துகொண்டிருந்த காமாட்சி விளக்கை எடுத்து அத்தையின் கையிலேயே கொடுத்தாள். "நீங்களும் இந்த வூட்டு நாத்தனாதானே, அண்ணி. எனக்கு முடிச்சு போட்டவங்க. உங்களவிட யாருக்கு உரிமை கீது? நீங்க புடிங்க."

விளக்கைக் கீழே வைக்கவும் முடியாமல், பெருமையை மறைக்கவும் முடியாமல் அத்தை நின்றாள். கடைசி முயற்சியாக, "தம்பி, நீயாவது சொல்லேன்" என்றாள் அப்பாவைப் பார்த்து. அப்பா வெற்றிலையை மென்றபடி வாசலை நோக்கினார். "நடந்து போனா நேரமாயிடும். மாப்பிள்ளை வண்டி சும்மாதானே நிக்குது" என்றார். அவர் அன்று பேசிய பேச்சு அவ்வளவே.

முந்தைய மாலை அண்ணா ஊர்வலம் வந்த வண்டி அது. இருபுறமும் வாழைக்கன்றுகள், கூரை முழுதும் பூச்சரங்கள், வண்ணம் தீட்டிய கொம்புகளோடு இரு காளைகள். அம்மாவின் தம்பியாகிய மாமா வண்டியை ஓட்டினார். நான் பட்டுப்பாவாடையில், கை நிறைய மஞ்சளோடு, பையை மடியில் வைத்து அழுதுகொண்டிருந்தேன்.

"இன்னாத்துக்கு அழுவுற? வடையும் பாயசமும் எங்கியும் ஓடிடாது கண்ணு."

"தட்டு?"

"அத யாரும் தூக்கிகினு போவ மாட்டாங்க. உங்கத்தையத் தவிர."

நான் சிரித்துவிடவே அவர் காளைகளைத் தட்டி ஓட்டினார். சிறிது தொலைவு சென்றபின் என்னிடம் அன்றிக் காளைகளிடம் பேசுவதுபோல் சொன்னார்: "எங்க பெரியக்கா கல்யாணத்துக்கு உங்கம்மாவையும் நாலு நாளு லீவு போடச் சொன்னாங்க. மூணாவது படிச்சிகினு இருந்தா. அந்த நாலு நாளு இன்னும் முடியல."

மாமாவுக்குக் கணக்கு வராது என்பது எங்கள் வீட்டில் அனைவரும் அறிந்தது. ஆகவே இதையும் அவருடைய பிழைகளுள் ஒன்றாக எண்ணி விட்டுவிட்டேன்.

வண்டி பள்ளி வாயிலை அடைந்தபோது மாணவியர் கூட்டம் கூடிவிட்டது.

"ஏய், கல்யாணப் பொண்ணு வந்துகினு கீதுடி."

"மாப்பிள்ளை எங்கடி? மாடு ஓட்டிகினு கீறாரே, அவரா?"

மாமா மீசையைத் தடவிக்கொண்டு மிடுக்காக உட்கார்ந்திருந்தார். வகுப்பாசிரியை என் கையில் இருந்த மஞ்சளைப் பார்த்தார்.

"யாருக்குக் கல்யாணம்?"

"எங்க அண்ணாவுக்கு, டீச்சர்."

"எப்போ?"

"இப்பதான் முடிஞ்சுது, டீச்சர்."

வகுப்பு சிரித்தது, ஆசிரியை சிரிக்கவில்லை. "உன்னை யாரும்மா அனுப்பினாங்க?" என்று கேட்டார். அம்மா என்றேன். அவர் என்னை முதல் வரிசையில் இடம் ஒதுக்கி உட்கார வைத்தார்.

அதன்பின் ஆசிரியப் பணியில் பல்லாண்டுகள் கழிந்தன. எத்தனையோ மேடைகளில் எனக்குப் பொன்னாடை போர்த்தியிருக்கிறார்கள். பூச்சரம் சூடிய வண்டியில் பள்ளிக்குச் செல்வதற்கென்றே தாம்பரம் வரை வந்த அந்த ஊர்வலத்துக்கு ஈடான சிறப்பு அவற்றுள் எதிலும் இல்லை. மூன்றாம் தளத்துப் பெண்மணியிடம், அவள் கேட்ட நாளின் மாலையிலேயே இதைச் சொன்னேன். வெள்ளிக்கிழமைப் பயணத்தை மாலைத் தொடர்வண்டிக்கு மாற்றிக்கொண்டதாகப் பிறகு சொன்னாள். திங்களைப் பற்றி நான் கேட்கவில்லை.

அண்ணாவின் திருமண நாளன்று மாலை நான் பள்ளியிலிருந்து வீடு திரும்பியபோது தட்டும், மூடி வைத்த பாயசமும் பத்திரமாக இருந்தன. விருந்தினர் கூடத்தில் நிறைந்திருந்தனர். அம்மா என்னைப் பின்கட்டுக்கு அழைத்துச் சென்றாள். காலையிலிருந்து நின்ற கால்களை நீட்டி அமர்ந்து, ஒவ்வொரு நாளும் கேட்பதையே அன்றும் கேட்டாள்.

"இன்னிக்கு இன்னா சொல்லிக் குடுத்தாங்க?"

நாள்தோறும் இந்தத் தேர்வு எனக்கு உண்டு. பாயசத்தின் மீது ஒரு கண்ணை வைத்துக்கொண்டு ஒப்பித்தேன்: வெயிலில் ஏரி நீர் ஆவியாகி மேலே செல்கிறது, மேலே குளிர்ந்து மேகமாகிறது, மேகம் மழையாகப் பெய்து மீண்டும் ஏரியில் சேர்கிறது.

"திரும்பச் சொல்லு."

எங்கே பிழை செய்தேன் என்று அஞ்சியபடி மீண்டும் சொன்னேன். அம்மாவின் உதடுகள் மெல்ல அசைந்தன. நான் தவறுகிறேனா என்று கூடவே சொல்லிப் பார்க்கிறாள் என்று எண்ணினேன். "ஏரித் தண்ணியேவா?" என்று கேட்டுவிட்டுக் கொல்லைக்கு அப்பால் ஏரிக்கரை இருந்த திசையைச் சிறிது நேரம் பார்த்திருந்தாள்.

"இன்னொரு வாட்டி சொல்லு."

எனக்குச் சினம் மூண்டது. "உனக்குத்தான் எல்லாம் தெரியுமே. அப்புறம் எதுக்குக் கேட்டுகினே கீற?" என்றேன்.

அம்மா பாயசக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள்.

"நாளைக்கு இன்னா பாடம்?" என்று கேட்டாள்.