முதல் வரியில் அய்யனார்

என் வீட்டுக்காரர் தனசேகரன் எதையும் தூக்கி எறிய மாட்டார். களமருதூரில் எங்கள் வீட்டுப் பரணில் ஏறிப் பார்த்தால் அவருடைய வாழ்க்கை வரலாறு முழுவதும் அங்கே கிடக்கும். கல்லூரிக் காலத்து ஒற்றைச் செருப்பு, செத்துப்போன போன்களின் சார்ஜர்கள், எரிந்துபோன மோட்டார் காயில், எதற்கென்று அவருக்கே தெரியாத ஒயர்க் கட்டு. கேட்டால், "இருக்கட்டும் வள்ளி, என்னிக்காவது ஒதவும்" என்பார். இதுவரை உதவியது அங்கே குடித்தனம் நடத்தும் எலிகளுக்குத்தான்.

இந்தக் குணத்தோடு ஒரு மனிதர் நெல் அறுக்கப் போயிருந்தால் யாருக்கும் கெடுதல் இல்லை. மாமனார் ராஜாங்கமும் அதைத்தான் எதிர்பார்த்தார். ஆனால் பிள்ளை கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்தார், சென்னைக்கு வேலைக்குப் போனார், கொரோனா வந்தபோது லேப்டாப்பும் கையுமாகத் திரும்பி வந்தார். கொரோனா போய்விட்டது. இவர் போகவில்லை. நெல் மூட்டை அடுக்கும் அறையில் ஒரு மேசையைப் போட்டு அதற்கு ஆபீஸ் என்று பெயர் வைத்துக்கொண்டார். மேற்கே கல்வராயன் மலைப் பக்கம் மின்னல் வெட்டினால் போதும், ஆபீசில் நெட் போய்விடும். அன்றைக்கு ஆபீஸ் லீவு.

அவருடைய வேலையை எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். பல ஊர்களில் மருந்துக்கடை வைத்திருக்கும் ஒரு கம்பெனியின் கணினி சென்னையில் இருக்கிறது. எந்தக் கடையில் எந்த மாத்திரை தீர்ந்தது என்ற கணக்கு தினமும் சாயங்காலம் அதில் வந்து விழும். அந்தக் கணினிக்குப் பொறுப்பு இவர். அங்கிருந்து கணக்கை இன்னொரு கணினி தானாகவே வந்து எடுத்துக்கொண்டு போகும். அப்படி எடுத்துப் போவதற்குப் பொறுப்பு சுப்புராயன் என்ற இளைஞர். திருநாவலூர்க்காரர். "நம்ம பக்கத்துப் புள்ள" என்று இவரே சிபாரிசு செய்து சேர்த்துவிட்டவர். தற்காலிக வேலைதான். நிரந்தரமா, வீட்டுக்கா என்பதைத் தீபாவளிக்கு முன்னால் சொல்லிவிடுவார்கள்.

இவர் வேலையைத் தொடங்கும்போது ஒரு கறுப்புத் திரையைத் திறப்பார். ஷெல் என்று அதற்குப் பெயர். அது கண் விழித்ததும் முதல் காரியமாக ஒரு கோப்பைப் படிக்கும். எது எங்கே இருக்கிறது, எதை எப்படிச் செய்வது என்று அதில் எழுதி வைத்திருப்பதைப் பார்த்துத்தான் தன்னைத் தயார் செய்துகொள்ளும். அந்தக் கோப்பின் பெயர் பேஷ்ஆர்சி. பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்திருப்பதால் சாதாரணமாகப் பார்த்தால் கண்ணில் படாது. கண்ணில் படாத இடம் ஒன்று கிடைத்தால் என் வீட்டுக்காரர் சும்மா விடுவாரா? வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதில் வரி வரியாகச் சேர்த்துக்கொண்டே வந்தார். ஒரு வரியைக்கூட அழித்ததில்லை. அவருடைய இன்னொரு பரண் அது. போதாததற்கு, லேப்டாப்பில் என்ன இருக்கிறதோ அதையே சென்னைக் கணினியிலும் ஒரு நகல் போட்டு வைப்பார்.

சென்ற ஆயுத பூஜைக்கு மாமியார் ஆண்டாள் டிராக்டர், மோட்டார், அரிவாள், மண்வெட்டி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு லேப்டாப்பிடம் வந்தார். டிராக்டரின் நெற்றியில் எழுதியிருப்பதைப்போல இதிலும் 'அய்யனார் துணை' என்று பெயின்டில் எழுத வேண்டும் என்றார்.

"கம்பெனி பொருள்மா. வெளிய எழுதக் கூடாது."

"வெளிய எழுதாதன்னா உள்ளார எழுது. சாமிக்கு உள்ளார இன்னா, வெளிய இன்னா?"

அம்மா சொல்லைத் தட்டாத பிள்ளை. பேஷ்ஆர்சியைத் திறந்து, திரை விழித்ததும் 'அய்யனார் துணை' என்று காட்டும்படி ஒரு வரி எழுதினார். எங்கே எழுதினார் என்பதுதான் முக்கியம். அந்தக் கோப்பின் தொடக்கத்திலேயே, அதை உண்டாக்கினவர்கள் ஒரு காவல் வரி போட்டு வைத்திருக்கிறார்கள். 'திறந்தது மனிதன் என்றால் மேலே படி, இயந்திரம் என்றால் இதோடு நிறுத்திக்கொள்' என்று அதற்கு அர்த்தம். இவர் அய்யனாரைக் காவல் வரிக்கு மேலே, முதல் வரியில் உட்கார வைத்தார். கல்யாணப் பத்திரிகையானாலும் பரீட்சைத் தாளானாலும் சாமி பேர் உச்சியில்தானே இருக்க வேண்டும்? திரையைத் திறந்து காட்டினார். மாமியார் கற்பூரம் காட்டினார். நகல் சென்னைக்கும் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் சாயங்காலம் கணக்கு போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. சுப்புராயன் போன் செய்தார்.

"அண்ணா, எடுக்கப் போனா தொறந்தவுடனே அறுந்துடுது. செய்தி ரொம்ப நீளம்னு சொல்லிட்டு, முப்பத்தேழுல ஆரம்பிச்சு பத்து எழக்கத்துல இன்னாவோ ஒரு நம்பர் காட்டுது. உங்க பக்கம் இன்னா மாத்தினீங்கண்ணா?"

"என் பக்கம் ஒண்ணும் மாத்தலப்பா. நான் தெறந்தா அழகா தெறக்குது. உன் பக்கம்தான் பாரு."

பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. சாமி பேர் எழுதுவதை மாற்றம் என்று எந்த ஊரில் சொல்வார்கள்? சுப்புராயனோ சென்னைக் கணினியின் வாசல் வரைக்கும் வந்து மூட்டையைத் தூக்கிப் போகலாமே தவிர, உள்ளே வந்து பார்க்க அவருக்கு அனுமதி கிடையாது. அதனால் அவர் தன் பக்கத்தையே திருப்பித் திருப்பிப் பிரித்துப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இவரும் சும்மா இருக்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று இணையத்தில் எவனோ எழுதியதைக் கொண்டுவந்து கோப்பில் சேர்த்தார். சரியாகவில்லை என்றதும் வேறொருவன் எழுதியதைச் சேர்த்தார். முன்னே சேர்த்ததை அழித்தாரா என்று கேட்காதீர்கள். கடைசியாகச் சேர்த்த ஒரு வரி, கட்டளைகள் இருக்கும் இடத்துக்கான வழியையே லேப்டாப்புக்கு மறக்கடித்துவிட்டது. அதன்பிறகு இவர் எதைத் தட்டினாலும் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றது திரை. பட்டியல் காட்டு என்றால் இல்லை. கோப்பைத் திற என்றால் இல்லை. கட்டிய மனைவியைத் தவிர வேறு யாரும் அவரிடம் அப்படிப் பேசியதில்லை, பாவம். அந்த வழியைத் திரும்பக் கண்டுபிடிக்க ஒரு பகல் முழுக்கப் போயிற்று. மாமியார் திருஷ்டி என்று முடிவுகட்டி நெட் பெட்டிக்கு மேலே எலுமிச்சையும் மிளகாயும் கட்டினார். வந்த சிக்னலும் கம்மியானதுதான் மிச்சம்.

இதற்குள் மருந்துக்கடைகளில் சர்க்கரை மாத்திரை தீர்ந்து, கம்பெனிக்காரர்கள் கத்த ஆரம்பித்துவிட்டார்கள். சென்னையிலிருந்து மேலாளர் லேப்டாப்பில் இவரை மட்டும் கூப்பிட்டு மீட்டிங் போட்டார். தவறு யார் பக்கம் என்று கேட்டார். நான் அடுத்த அறையில் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தேன்.

"சுப்புராயன் பக்கமாத்தான் சார் இருக்கணும்" என்றார் என் வீட்டுக்காரர்.

முறத்தைக் கீழே வைத்துவிட்டேன். மீட்டிங் முடிந்ததும் போய்க் கேட்டேன். "இன்னாங்க, நல்லா தெரியுமா? அந்தப் புள்ள வேல அந்தரத்துல தொங்கிக்கினு கீது."

"என் பக்கம் கரெக்டா இருக்குதுன்னா அவன் பக்கம்தான தப்பு? கணக்கு அவ்ளோதான்."

தீபாவளிக்கு முந்தின வாரம் மேலாளர் ஒரு யோசனை சொன்னார். வெளியிலிருந்து சென்னைக் கணினிக்குப் போய், 'ஒன்றும் செய்யாதே' என்று கட்டளை போட்டுப் பார்க்கச் சொன்னார். ஒன்றும் செய்யாதே என்பதற்குக்கூட ஒரு கட்டளை இருக்கிறதாம். எங்கள் வீட்டில் அது கட்டளை இல்லாமலே நடக்கிற காரியம். கட்டளை போட்டால் பதில் எதுவும் வரக் கூடாது, திரை வெறுமையாக இருக்க வேண்டும், அதுதான் சரி என்றார் மேலாளர். இவர் போட்டார். பதில் வந்தது.

அய்யனார் துணை.

நான் காப்பி கொண்டுபோனபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை. கணக்கு எடுக்க வந்த இயந்திரத்திடம் தினமும் முதலில் அய்யனார் பேசியிருக்கிறார். அது இயந்திரம், தமிழும் தெரியாது, பக்தியும் கிடையாது. முதலில் வந்து விழும் நாலு துணுக்கும், பின்னால் வரப்போகும் செய்தியின் நீளத்தைச் சொல்லும் எண் என்பது அதற்குச் சொல்லிக்கொடுத்த பாடம். அய்யனாரின் 'அ'வை எண்ணாகப் படித்துவிட்டு, இவ்வளவு நீளம் என்னால் ஆகாது என்று ஓடியிருக்கிறது. சுப்புராயன் சொன்ன பத்து இலக்க எண் அதுதான்.

"சுப்புராயனுக்கு மொதல்ல போன் போடுங்க" என்றேன்.

"போட்றேன், போட்றேன். மொதல்ல சரி பண்ணிக்கறேன்."

சரி செய்வதிலும் ஒரு சிக்கல். காவல் வரிக்குக் கீழே அய்யனாரை இறக்கினால் தீர்ந்தது. இவர் அம்மாவிடம் அனுமதி கேட்டார்.

"சாமிய கீழ எறக்குவியா? சாமிக்கு மேல எவன்டா ஒக்காரப் போறான்?"

ஆகவே அய்யனார் முதல் வரியிலேயே இருந்தார். திறந்தது மனிதன் என்றால் மட்டும் பேசு, இயந்திரம் வந்தால் பேசாதே என்று அதே வரியில் ஒரு நிபந்தனை சேர்ந்துகொண்டது. அன்று சாயங்காலம் கணக்கு ஒழுங்காகப் போனது.

மறுநாள் மீட்டிங்கில் என் வீட்டுக்காரர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "ஸ்டார்ட்அப் கோப்புல ஒரு சின்ன பிரச்சினை சார். நான் பாத்து சரி பண்ணிட்டேன்." ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அப்படி ஒரு வாக்கியத்தைக் கட்ட எத்தனை திறமை வேண்டும்! மேலாளர் பாராட்டினார். சுப்புராயனுக்கு நிரந்தரம் கிடைக்கவில்லை. ஒரு சாதாரணக் கோளாறைக் கண்டுபிடிக்க முடியாதவர் என்பதால் இன்னும் கொஞ்ச காலம் தனசேகரனிடம் வேலை கற்றுக்கொள்ளட்டும் என்று நிறுத்தி வைத்தார்கள். இவர் சுப்புராயனுக்குப் போன் மட்டும் போடவே இல்லை. நான் ஞாபகப்படுத்திய போதெல்லாம் அவருக்கு அவசரமாக வேறு வேலை வந்தது.

தீபாவளி கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சுப்புராயனே வண்டியில் வந்து இறங்கினார். கையில் ஒரு சீப்பு பழமும் மிக்சர் பொட்டலமும். ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

"நீங்க இல்லன்னா அன்னிக்கே தொரத்தியிருப்பாங்கண்ணா. எங்க வூட்ல உங்க பேரச் சொல்லி வெளக்கு போட்டாங்க."

"பரவால்லப்பா" என்றார் என் வீட்டுக்காரர். சொன்னவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அடுப்படியில் ஓடி ஒளிந்துகொள்ளலாம்போல அவமானமாக இருந்தது.

மாமியாருக்கோ பெருமை தாங்கவில்லை. மகன் காப்பாற்றிய பிள்ளை வீடு தேடி வந்திருக்கிறது. "தம்பி, எல்லாம் அந்தச் சாமி கிருப. சேகரு, அந்தக் கறுப்பு டிவில சாமி பேரு வருமே, தம்பிக்குக் காட்டு" என்றார்.

"இப்ப எதுக்குமா அது" என்றார் இவர். மாமியார் விடவில்லை. லேப்டாப்பை அவரே தூக்கிக்கொண்டு வந்து மகன் மடியில் வைத்தார். இவர் மென்று முழுங்கிக்கொண்டு திறந்தார்.

அய்யனார் துணை.

சுப்புராயன் சிரித்தபடி குனிந்து பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றது.

"இத எப்ப போட்டீங்கண்ணா?"

பதில் சொன்னது மாமியார். "ஆயுத பூசைக்குத்தான் தம்பி. மெட்ராஸ்ல கீற மிசினுக்கும் சேத்துதான் போட்டான். அன்னிலேர்ந்து ஒரு கொறையும் கெடையாது."

சுப்புராயன் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடு என்னவோ எண்ணியது. அந்தப் பத்து இலக்கமாகத்தான் இருக்கும்.

"அது வந்துப்பா, நான் சொல்லலாம்னுதான்..." என்று ஆரம்பித்தார் இவர்.

"பரவால்லண்ணா" என்று எழுந்துவிட்டார் சுப்புராயன். காப்பி அப்படியே ஆறிக் கிடந்தது.

வண்டிச் சத்தம் தெரு திரும்பியதும் இவர் கோப்பைத் திறந்தார். முதல் வரிக்குப் போய் அழிக்கும் பொத்தானில் விரலை வைத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக எதையோ ஒழிக்கப் புறப்பட்டுவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

"அத இன்னாத்துக்கு அழிக்கறீங்க? மொத நாள்லேர்ந்து அது வாயத் தொறந்து சொல்லிக்கினேதான் இருந்துச்சு. நீங்கதான் அது வாயக் கட்னீங்க. உங்க வாயையும் சேத்துக் கட்டிக்கினீங்க."

மாமியாருக்கு ஒன்றும் புரியவில்லை. வாயைப் பிளந்துகொண்டு நின்றார். இவர் லேப்டாப்பை மூடிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு சிக்னல் கிடைக்கும் மோட்டார் கொட்டகைப் பக்கம் நடந்தார். நானும் காய்ந்த துணி எடுக்கிற சாக்கில் பின்னாலேயே போனேன்.

"சார், அந்தக் கணக்கு பிரச்சினை... சுப்புராயன் மேல தப்பில்ல சார். நான்தான் சார். நான் போட்ட வரி. தெரிஞ்சும் சொல்லல."

எதிர்ப்பக்கம் என்ன சொன்னார்களோ, இவர் "சரிங்க சார்" என்பதை மட்டும் பல தடவை சொன்னார்.

இப்போது சுப்புராயனுக்கு வேலை நிரந்தரம். கம்பெனி ஒரு புது விதியும் போட்டிருக்கிறது. என் வீட்டுக்காரர் சென்னைக் கணினியில் ஒரு வரி சேர்ப்பதாக இருந்தாலும் சுப்புராயன் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் சேர்க்கலாம். அந்த வேலையின் முதல் நாளே சுப்புராயன் பேஷ்ஆர்சியைத் திறந்து குப்பை கொட்டுவதைப்போல வரிகளை அள்ளி வெளியே கொட்டினார். இவர் ஒவ்வொன்றுக்கும் "அது இருக்கட்டுமேப்பா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் முதல் வரி மட்டும் மிஞ்சியபோது, "அதையும் எடுத்துடுப்பா" என்று இவரே சொன்னார். போனில் சுப்புராயன் குரல் எனக்கும் கேட்டது.

"அது இருக்கட்டும்ணா. தெனம் தொறக்கும்போது நீங்க பாக்கணும்ல."