தாய்மாமன் மடி

மரக்காணம் உப்பளத்துப் பக்கம் வந்து தட்சணாமூர்த்தி வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. 'அணு மூர்த்தி' என்று கேளுங்கள், சின்னப் பிள்ளைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிப் போகும். வாசல் வந்ததும் கையை விட்டுவிட்டு நாலடி தள்ளி நின்றுகொள்ளும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் போய், அணுக்கழிவு அடைத்த டிரம்களை அளந்துவிட்டு வருகிற வேலை அவனுக்கு. பதினாறு வருஷமாக அதுதான். வயது நாற்பத்தொன்று. ஏழு இடத்தில் பெண் பார்த்தார்கள். ஏழு வீட்டிலும் காபி கொடுத்தார்கள், பெண் கொடுக்கவில்லை.

ஊர்க்காரர்களைச் சும்மா சொல்லக்கூடாது. ஒருவரும் அவனை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. டீக்கடையில் எல்லாருக்கும் கண்ணாடி கிளாஸ், அவனுக்கு மட்டும் பேப்பர் கப். அவ்வளவுதான் மரியாதைக் குறைவு. அதையும் பழகிக்கொண்டு ஒற்றை ஆளாய்ச் சமைத்துத் தின்று கிடந்தான், பாவி மனுஷன்.

கூடப் பிறந்த சொந்தம் என்று மிச்சமிருந்தது தங்கை ரேணுகா. அவளை அதே ஊரில், உப்பளத்தில் வேலை செய்கிற முத்தம்மாளின் மகனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தது. அவளுக்கு மூன்று வயதில் ஒரு பெண், இலக்கியா. பிள்ளைக்குக் காது குத்த ஐயனார் கோயிலில் நாள் குறித்தார்கள். காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில்தானே உட்கார வேண்டும். மூர்த்திக்கு அது ஒன்று போதும். திண்டிவனம் போய்க் கம்மலும் பட்டுப் பாவாடையும் எடுத்து வந்து, தினமும் ஒரு தரம் பிரித்துப் பார்த்துவிட்டு மடித்து வைத்தான்.

காது குத்துக்குப் பத்து நாள் முன்பு தங்கை வீட்டில் சாப்பாடு. மீனைப் பரிமாறிக்கொண்டே முத்தம்மாள் கேட்டாள்.

"நெசமா அங்க என்னதாம்பா வேலை பண்ற?"

இத்தனை வருஷத்தில் அவனிடம் இதை யாரும் கேட்டதில்லை. மூர்த்திக்குத் தலைகால் புரியவில்லை.

"டிரம்மைத் திறக்காமலே உள்ள அணுச்சரக்கு எவ்ளோ இருக்குதுன்னு பார்க்கணும் அத்தை. ஒரு மெஷின் காமா கதிரைப் பார்க்கும். நடுவுல இரும்பு கெடந்தா அது மறைஞ்சிடும். இன்னொரு மெஷின் நியூட்ரானை எண்ணும். அது இரும்பைத் தாண்டி வந்துடும். ரெண்டு கணக்கும் ஒத்துப்போனாதான் கையெழுத்துப் போடுவேன். ஒரே மெஷினை நம்பவே மாட்டேன்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? போன வருஷத்து டிரம் கதையையும் எடுத்துவிட்டான். காமா மெஷின் நிறைய இருக்கிறது என்றது, நியூட்ரான் மெஷின் கொஞ்சம்தான் என்றது. அதிகாரிகள் இரண்டு நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள். "உள்ள உப்பு இருக்குது சார், உப்பு நியூட்ரானை முழுங்கிடும்" என்றான் மூர்த்தி. பழைய பதிவேட்டைப் புரட்டினால், ஏதோ சோதனையில் மிஞ்சிய உப்பு நிஜமாகவே அதில் இருந்தது. உப்பளத்துக்காரன் மூக்கு என்று பாராட்டினார்களாம். முத்தம்மாளும் சிரித்தாள். இன்னொரு துண்டு மீன் வைத்தாள். அன்றைக்கு மூர்த்தி ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தான்.

காது குத்துகிற அன்று காலையிலேயே தலைக்குக் குளித்து, புது வேட்டி கட்டி, கோயிலில் விரித்த பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். முத்தம்மாள் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"தம்பி, நீ எழுந்துக்கோ. மோகன் உக்காரட்டும்."

மோகன் ரேணுகாவுக்குப் பெரியப்பா மகன். அவனும் மாமன் முறைதான்.

இப்படி ஏதாவது வரும் என்று மூர்த்தியின் அடிமனசு எதிர்பார்த்தே இருந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினான். "மேல எவ்ளோ கதிர் பட்டுதுன்னு நெஞ்சுல பேட்ஜ் குத்தி மாசா மாசம் அளக்குறாங்க அத்தை. பாருங்க, சைபர் போட்டிருக்குது."

முத்தம்மாள் தாளை வாங்கவில்லை. அவள் குரலில் கோபமும் இல்லை.

"ஒரே மெஷினை நம்ப மாட்டேன்னு நீதானப்பா சொன்ன. உப்பு இருந்தா மெஷினு கொறைச்சுக் காட்டும்னும் நீதான் சொன்ன. நீ பொறந்து வளந்ததே உப்புல. நம்ம உடம்புல உப்பைத் தவிர வேற என்னா இருக்குது?"

பேட்ஜ் வேறு, டிரம் வேறு. உப்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். தங்கையைப் பார்த்தான். எங்க அண்ணன்தான் உக்காரணும் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ரேணுகா குனிந்து பிள்ளையின் பட்டுப் பாவாடையைச் சரிசெய்தாள். பாவாடை சரியாகத்தான் இருந்தது.

மூர்த்தி எழுந்தான். மோகன் உட்கார்ந்தான்.

ஊசி பட்டதும் பிள்ளை வீறிட்டது. மோகன் மடியில் நிற்காமல் திமிறி, "மாமா, மாமா" என்று மூர்த்தியைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டியது. ரேணுகாவுக்கு அப்போதுதான் மனசு தாங்கவில்லை. மாமியாரை ஏறிட்டும் பார்க்காமல் பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு அவனிடம் வந்தாள்.

"பிடிண்ணா. உன்னத்தான் கேக்குது."

மொத்தக் கூட்டமும் பார்த்துக்கொண்டிருந்தது. தூக்கப் போன கையை மூர்த்தி பாதியிலேயே மடக்கிக்கொண்டான்.

"வேணாம்மா, புள்ளைக்கு எதுக்கு" என்று சொல்லிவிட்டு, யாரும் சொல்லாமலே நாலடி தள்ளிப் போய் நின்றான்.