இதயமும் இல்லை, நுரையீரலும் இல்லை

சீனாவின் தாதோங் நகரத்து நிலக்கரிச் சுரங்கக் குடியிருப்பில் பெண்கள் பொதுக் குளியல் கூடம் ஒன்று உண்டு. அங்கே பதினெட்டு வருடமாக வருகிறவர்களுக்கு உடம்பு தேய்த்துவிடுகிறவள் ஷி சாய்லியான். கை ஓய்ந்தாலும் வாய் ஓயாது.

"உன் முதுகுலயே ஒரு சுரங்கம் இருக்குடி. வெளிய சொல்லிடாத, தோண்ட வந்துடுவாங்க!"

கூடமே சிரிக்கும். கூட வேலை செய்யும் வூ அக்கா ஈரக்கையால் அவள் தோளில் ஒன்று வைத்து, "இவளுக்கு இதயமும் இல்ல, நுரையீரலும் இல்ல" என்பாள். எதையும் மனதில் போட்டுக்கொள்ளாதவள், படுத்தால் தூங்கிவிடுகிறவள் என்று அந்த ஊர்ப் பேச்சில் அர்த்தம். அதைக் கேட்டால் சாய்லியானுக்கு உச்சி குளிர்ந்துவிடும். மூன்று வருடத்துக்கு முன் அவள் கணவன் ஹான் சுரங்கத்துக்குள் இறந்தான். பத்தாம் நாளே வேலைக்கு வந்து அதே மாதிரி பேசினாள்.

அந்த மார்ச்சில் மகள் ருயேயின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். வகுப்பின் பின்சுவரில் பிள்ளைகள் எழுதிய 'என் அம்மா' கட்டுரைகள் ஒட்டியிருந்தன. பக்கத்தில் நின்ற ஒருத்தி கூப்பிட்டாள்.

"இங்க பாருங்க, உங்க பொண்ணு என்ன எழுதியிருக்கான்னு!"

'என் அம்மாவுக்கு இதயமும் இல்லை, நுரையீரலும் இல்லை.' முதல் வரியே அதுதான். சாய்லியான் எல்லோருக்கும் மேலாகச் சிரித்தாள். சிரித்தபடியே கீழே படித்தாள்.

'அப்பா இறந்த செய்தி வந்த மதியம், அம்மா நூடுல்ஸ் கடையில் ஒரு பெரிய கிண்ணம் சாப்பிட்டாள். ருசிக்காக இன்னும் கொஞ்சம் வினிகர் கேட்டு வாங்கினாள். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை.'

சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுவிட்டது. மூன்று தடவை படித்தாள். எழுத்து மாறவில்லை, அர்த்தம்தான் மாறியிருந்தது. நெஞ்சில் ஈரமே இல்லாதவள் என்றும் அதற்கு ஓர் அர்த்தம் உண்டு. அதைத்தான் எழுதியிருக்கிறாள் மகள்.

பள்ளியிலிருந்து நேராகக் குளியல் கூடத்துக்குப் போனாள்.

"அக்கா, நீ என்னைய அப்பிடிச் சொல்றியே, எந்த அர்த்தத்துல சொல்ற?"

"நல்ல அர்த்தத்துலதாண்டி. வேற என்ன?"

"எப்பவுமேவா?"

வூ அக்கா வாளியைக் கீழே வைத்தாள். "ஹான் போன வருஷம்... அப்ப இல்ல. எல்லாருமே அப்ப வேற மாதிரிதான் சொன்னோம்."

அந்த வருடம் முழுக்க அந்த வார்த்தைக்கு சாய்லியான் பல்லைக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

வீட்டில் ருயே பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். பதினாலு வயது. அம்மாவின் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

"தெரிஞ்சுதான் எழுதினேன். டீச்சர் தமாஷ்னு நினைச்சு ஒட்டிட்டாங்க."

"அன்னிக்கு நான் சாப்பிட்டேனா?"

"நடிக்காதம்மா."

"சத்தியமா ஞாபகம் இல்லடி. போன் வந்தது தெரியும். அப்புறம் பார்த்தா இருட்டிடுச்சு, கட்டில்ல உட்கார்ந்திருந்தேன். நடுவுல ஒண்ணுமே இல்ல."

ருயேயின் கையிலிருந்த பட்டாணி உருண்டு போனது. "ரெண்டு கிண்ணம் தின்னே. ரெண்டாவது என்னோடது. அதை எழுத வெக்கமா இருந்துச்சு."

"உன்னோடதையா?" சாய்லியான் பட்டாணியைத் தள்ளிவைத்தாள். "சொல்லு. முதல்லேருந்து சொல்லு. நான் என்ன பண்ணினேன்?"

வேறு யாருக்கோ நடந்ததைக் கேட்கிறவள் போல உட்கார்ந்து கேட்டாள். ருயே கோபத்தோடுதான் தொடங்கினாள்.

"போன் வந்தவுடனே என் கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போனே. தெருவெல்லாம் பனி. ஒரு கால்ல பூட்ஸு, இன்னொரு கால்ல குளியல் ரூம் ரப்பர் செருப்பு. கடைக்காரர் உன் காலையே பார்த்தாரு. நீ வினிகரை ஊத்திக்கிட்டே..."

சட்டென்று நிறுத்தினாள். மூன்று வருடமாக அந்தச் செருப்பும் அவள் ஞாபகத்தில் இருந்தது. கட்டுரையில் அதை எழுதவில்லை. எழுத வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றியதில்லை.

"அப்புறம்?" என்றாள் சாய்லியான்.

ருயே எழுந்து வந்து அம்மாவை ஒட்டி உட்கார்ந்தாள். மீதியை மெதுவாகச் சொன்னாள்.