பாலத்தில் தொங்கும் பஸ்

என் மகளுக்கு ஐந்து வயது நிறையப் போகிற நேரம். பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். கொஞ்சமும் யோசிக்காமல், "சூப்பர்ஹீரோ பிளாக்ஸ்" என்றாள். ஒன்றோடொன்று பொருத்திக் கட்டுகிற கட்டைகள். பிறகு நான் ஏமாற்றிவிடுவேனோ என்று சந்தேகப்பட்டவள் போல, "சின்னப் பிளாக்ஸ். கொச்சுப் பிள்ளைகளுக்குள்ள பெரிசு வேண்டாம்" என்று சேர்த்துக்கொண்டாள்.

அதைக் கேட்டுக்கொண்டு என் மைனி, அதாவது என் கணவரின் அக்கா, அங்கே உட்கார்ந்திருந்தார். குளத்தூரில் வீடு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தால் நேராகக் கேரள எல்லைக்குள் கொல்லயிலில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். மகளைத் தண்ணீர் கொண்டுவர உள்ளே அனுப்பிவிட்டு என்னிடம் குரலைத் தாழ்த்தினார்.

"எட்டி, அவளால முடியாத சாமானத்த வாங்கிக் குடுத்து பிள்ளைய அழ வைக்காத. ஒரு நல்ல பொம்மை வாங்கிக் குடு. மடியில வச்சு விளையாடட்டு."

என் மகளின் இடது கை பிறவியிலேயே சிறியது. உள்ளங்கை உண்டு, கட்டைவிரல் உண்டு. மற்ற விரல்கள் இருக்க வேண்டிய இடத்தில் சின்னச் சின்ன மொட்டுகள் மட்டும். பிறந்த அன்றைக்கு மருத்துவர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: காரணம் என்று தேடாதீர்கள், சில குழந்தைகள் இப்படியும் பிறப்பதுண்டு; அவள் வழியை அவளே கண்டுபிடித்துக்கொள்வாள், நீங்கள் குறுக்கே நிற்காமல் இருந்தால் போதும்.

ஆனால் மைனிக்குக் காரணம் தெரியும். நான் பாறசாலை பஸ் டிப்போவில் கண்டக்டர். வயிற்றில் ஏழு மாதம் ஆகிற வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டு டிக்கெட் கொடுத்தவள். "வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டு குலுங்கிக் குலுங்கிப் போனா பின்ன எப்பிடி இருக்கும்" என்று அவர் யார் யாரிடமோ சொன்னது சுற்றிச் சுற்றி என் காதுக்கும் வந்திருந்தது. என் முகத்துக்கு நேரே அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அதனால் நானும் ஒருநாளும் பதில் சொன்னதில்லை.

"அவ கேட்டத வாங்கிக் குடுப்பேன் மைனி" என்றேன்.

என் கணவர் தரையில் டைல்ஸ் பதிக்கும் வேலைக்குப் போகிறவர். வீட்டில் அதிகம் பேசமாட்டார். அக்கா போன பிறகு, "பெரிய கட்டை உள்ளது உண்டல்லா, அது போதாதா?" என்று மெதுவாகக் கேட்டார். அக்காவின் பேச்சு அவருக்குள்ளும் கொஞ்சம் இறங்கியிருந்தது. அவளே கடைக்கு வந்து எடுக்கட்டும், அவள் எதை எடுக்கிறாளோ அதுதான் என்றேன்.

எனக்கு வார விடுமுறை வந்த நாளில் அவளைக் கூட்டிக்கொண்டு நெய்யாற்றின்கரைக்குப் புறப்பட்டேன். வழக்கமாக நான் வேலை பார்க்கிற தடத்தில் பயணியாக உட்கார்ந்து போவது எனக்கு எப்போதும் ஒரு மாதிரி இருக்கும். அமரவிளையில் ஆட்கள் நெருக்கியடித்து ஏறும்போது என்னை அறியாமலே "உள்ள கேறி நில்லுங்க" என்று சொல்லிவிட்டேன். அந்த வண்டியின் கண்டக்டர் சிரித்தார். மகள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, வருகிற லாரிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். போட்டிருந்தது அரைக்கை மஞ்சள் சட்டை. அது அவளே எடுத்துப் போட்டுக்கொண்டது.

பொம்மைக் கடை பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கட்டடத்தின் மாடியில் இருந்தது. கல்லூரி முடித்த வயதில் கடைக்காரர் ஒருவர் நின்றார். சூப்பர்ஹீரோ பிளாக்ஸ் வேண்டும் என்றதும் முதலில் சிரித்த முகத்தோடு அலமாரிப் பக்கம் திரும்பினார். அப்போதுதான் மகள் மேசையின் விளிம்பில் இரண்டு கைகளையும் வைத்து எம்பிப் பார்த்தாள். அவர் பார்வை அந்த இடது கையில் ஒரு நொடி நின்றது. நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, கீழ்த் தட்டிலிருந்து வேறொரு பெட்டியை எடுத்தார். உள்ளங்கையளவு பெரிய, வாய்க்குள் போகாத கட்டைகள். படத்தில் டயப்பர் கட்டிய குழந்தை.

"சேச்சி, மோளுக்கு இது போரே?" என்றார் மலையாளத்தில். மகளுக்கு இது போதாதா என்று.

மகள் பெட்டியைப் பார்த்தாள். "இது பல்லு முளைக்காத பிள்ளைக்குள்ளது" என்றாள்.

"மற்றது சின்னச் சின்ன பீஸ் ஆக்கும் மோளே. கஷ்டமாயிட்டு இருக்கும்" என்று அவர் பாதித் தமிழுக்கு வந்தார். அவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. எனக்கு அதுதான் எரிச்சல். கெட்ட எண்ணத்தோடு ஒருத்தர் பேசினால் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம். பஸ்ஸில் தினமும் செய்கிற வேலைதான். இந்த இரக்கத்தை எந்த ஸ்டாப்பில் இறக்கிவிடுவது?

"தம்பி, அவ கேட்டது சூப்பர்ஹீரோ. உள்ள பெட்டி எல்லாம் எடுத்து வைங்க. அவ பாக்கட்டு" என்றேன்.

மூன்று பெட்டிகள் வந்தன. ஒன்றில் முகமூடிக்காரன் ஒருவன் மோட்டார் சைக்கிளில் திருடனைத் துரத்துகிறான். சின்னப் பெட்டி, கட்டைகள் குறைவு. இரண்டாவது ஒரு கோட்டை; உச்சியில் மின்னல் சின்னம் போட்ட ஒருத்தி நிற்கிறாள். மூன்றாவதில் உடைந்த ஒரு பாலம். பாலத்தின் விளிம்பில் பாதி வெளியே தொங்கிக்கொண்டிருக்கும் சிவப்பு பஸ். பச்சை முகமூடியும் மஞ்சள் மேலங்கியும் போட்ட ஹீரோ கீழே நின்று அதைத் தாங்கிப் பிடித்திருக்கிறான். அந்தப் பெட்டியின் மூலையில் ஏழு வயதுக்கு மேல் என்று போட்டிருந்தது.

மகள் மோட்டார் சைக்கிளைத் தள்ளி வைத்தாள். கோட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பாலத்தின் மேல் கையை வைத்த பிறகு எடுக்கவில்லை.

"எம்மா, இதுல பஸ்ஸு உண்டு."

"ஆமா மக்கா, உண்டு."

"டிரைவர் உண்டு. கண்டக்டர் எங்க?"

பெட்டியின் எல்லாப் பக்கங்களையும் திருப்பிப் பார்த்தோம். கண்டக்டர் இல்லை. கடைக்காரர் சிரித்துவிட்டு, கண்ணாடி அலமாரியில் கட்டிக் காட்சிக்கு வைத்திருந்த அதே பஸ்ஸை எடுத்து மேசைமேல் வைத்தார். மகள் ஹீரோவைத் தனியாகப் பிடுங்கினாள். முகத்தைப் பார்த்தாள், மேலங்கியைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு அதன் கைகளைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

"எம்மா, இவனுக்கு விரலு இல்ல."

குனிந்து பார்த்தேன். ஆமாம், அந்த வகைப் பொம்மைகள் எதற்குமே விரல் கிடையாது. வளைந்த கொக்கி போல ஒரு கை, நடுவில் ஒரு இடைவெளி, அவ்வளவுதான். டிரைவரைப் பிடுங்கிப் பார்த்தாள். அவனுக்கும் இல்லை. தன் இடது கையை எடுத்து ஹீரோவின் பக்கத்தில் வைத்தாள். "இது என் கை" என்றாள் கடைக்காரரிடம், ஏதோ அவர் கடையில் அவளுடைய பொருள் ஒன்று எப்படி வந்தது என்று கேட்பவள் போல.

அவர் என்னைப் பார்த்தார். நான் கண் கலங்குவேன் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. எனக்குச் சிரிப்புதான் வந்தது. கடை முழுக்கத் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன்.

"ஏழு வயசு கழிஞ்ஞ பிள்ளேருக்குள்ளதாக்கும் சேச்சி" என்று கடைசியாக ஒருமுறை அவர் பெட்டியின் மூலையைத் தொட்டுக் காட்டினார்.

"எனக்கும் வாசிக்கத் தெரியும் தம்பி. பில்லு போடுங்க."

பிறந்தநாள் வரை பொறுக்க மாட்டேன் என்று அவள் வீடு வந்ததுமே பெட்டியைப் பிரித்தாள். கட்டைகள் சிதறாமல் இருக்க ஒரு பெரிய அலுமினியத் தட்டில் கொட்டிக் கொடுத்தேன். அதோடு என் வேலை முடிந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தரையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து என் இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டேன். சும்மா இருப்பது இவ்வளவு கடினம் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

முதலில் கட்டை இடது கையிலிருந்து வழுக்கி வழுக்கி விழுந்தது. பிறகு கட்டைவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் கட்டையைச் செருகி, வலது கையால் மேலிருந்து அழுத்தக் கற்றுக்கொண்டாள். நீளமான தட்டைக் கட்டைகளை முழங்காலுக்கு அடியில் வைத்து அழுத்தினாள். தப்பாகப் பொருத்தியதைப் பிரிக்கப் பல்லால் கடித்தபோது மட்டும், "பல்லு வேண்டாம்" என்றேன். கோபத்தோடு என்னைப் பார்த்துவிட்டு, தட்டையான இன்னொரு துண்டை இடுக்கில் நுழைத்து நெம்பிப் பார்த்தாள். கழன்று வந்தது. அதற்குப் பிறகு பல்லைத் தொடவில்லை.

பஸ்ஸின் சக்கரத்தில்தான் மாட்டிக்கொண்டாள். ரப்பர் டயரைச் சக்கரத்தின் மேல் இழுத்து மாட்ட வேண்டும். ஒரு கை பிடிக்க, ஒரு கை இழுக்க. மூன்று நான்கு முறை பார்த்தாள். முகம் சிவந்தது. டயரை வீசி எறிந்தாள். அது அலமாரிக்கு அடியில் போய் விழுந்தது. பிறகு வாயைப் பிளந்து அழ ஆரம்பித்தாள்.

என் கணவர் எழுந்துவிட்டார். "நான் அந்த ஒண்ண மட்டும் மாட்டிக் குடுக்கேன்."

"இரிங்க" என்றேன்.

"அவ அழுவுறது உனக்குக் கேக்கலியா? நீ என்ன கல்லா?"

"ஆமா, கல்லுதான். இரிங்க."

அவர் உட்காரவில்லை. ஆனால் அருகில் வரவும் இல்லை. வாசல் நிலையில் சாய்ந்து நின்றார். அழுகை ஓய்ந்ததும் மகள் மூக்கைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, அலமாரிக்கு அடியில் படுத்து டயரைத் தேடி எடுத்தாள். சக்கரத்தைத் தரையில் படுக்க வைத்து, உள்ளங்கையின் அடிப்பாகத்தால் அதை அசையாமல் அழுத்திக்கொண்டு, வலது கையால் டயரை ஓரம் ஓரமாக ஏற்றினாள். ஒருமுறை தெறித்தது. அடுத்த முறை உட்கார்ந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தது என்னையல்ல, அப்பாவைத்தான். "இனியும் சக்கரம் உண்டு" என்று சொல்லிவிட்டு அடுத்த டயரை எடுத்தாள். அவர் பின்வாசலுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

பிறந்தநாள் காலையில் எல்லாம் கட்டி முடிந்தது. பாலத்தின் ஒரு பக்கக் கைப்பிடி தலைகீழாக இருந்தது. படத்தைக் காட்டி, "இது திரும்பி இருக்கு மக்கா" என்றேன். "இங்க இப்பிடித்தான்" என்றாள். ஹீரோ பாலத்துக்குக் கீழே இல்லை. மேலங்கியைக் கழற்றிவிட்டு அவனை பஸ்ஸின் வாசலில் நிறுத்தியிருந்தாள். கேட்டபோது, வண்டிக்குக் கண்டக்டர் வேண்டாமா என்றாள்.

"பின்ன பஸ்ஸு விழாதா?"

"அது சும்மா தொங்கட்டு. விழாது."

சாயங்காலம் சொந்தக்காரர்கள் வந்தார்கள். மைனி ஒரு பெரிய பொம்மை வாங்கி வந்திருந்தார். நல்ல பொம்மை, மகளும் முத்தம் கொடுத்து வாங்கிக்கொண்டாள். மைனிதான் ஜெபித்தார். கேக் வெட்டினோம். மைனியின் கணவர் போனை எடுத்து எல்லாரையும் சுவரோரம் நிற்கச் சொன்னார். மகள் நடுவில். அவர் போனைத் தூக்கியதும் மைனி கை நீட்டி மகளின் தோளைத் திருப்பினார்.

"மக்கா, அந்தக் கைய மட்டும் பின்னால வச்சுக்கோ. போட்டோல வடிவா இருக்கும்."

மகள் கையைப் பின்னால் கொண்டுபோனாள். பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"வேண்டாம் மக்கா, கை முன்னால இருக்கட்டு" என்றேன்.

"எட்டி, ஒரு போட்டோக்காக்கும் சொன்னேன்."

"ஒரு போட்டோக்கும் வேண்டாம் மைனி." என் குரல் பஸ்ஸில் வருகிற குரலாக மாறிவிட்டது எனக்கே கேட்டது. குறைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. "நான் வயித்துப் பிள்ளையோட பஸ்ஸுல போனதினால வந்த கை இதுண்ணு நீங்க சொன்னது எனக்குத் தெரியும். டாக்டர் அப்பிடிச் சொல்லல்ல. நாளைக்கு இன்னொண்ணு உண்டாச்சுண்ணாலும் நான் அதே பஸ்ஸுலதான் போவேன். இந்த வீட்டுல ஒளிச்சு வைக்க வேண்டிய கை ஒண்ணும் கெடையாது. போட்டோ எடுக்கதெங்கி இப்பிடியே எடுங்க. இல்லெங்கி எடுக்க வேண்டாம்."

மைனியின் கண் நிறைந்தது. "நான் பிள்ளைக்க நல்லதுக்காக்கும் சொன்னேன்" என்றார்.

"அது எனக்கும் தெரியும். ஆனாலும் வேண்டாம்."

இதற்குள் மகள் வரிசையிலிருந்து நழுவி உள்ளே ஓடியிருந்தாள். பஸ்ஸோடு திரும்பி வந்தாள். இடது கையின் கட்டைவிரலை பஸ்ஸின் ஜன்னலுக்குள் கொடுத்து, உள்ளங்கையில் அதைத் தாங்கி, தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, "மாமா, எடுங்க" என்றாள். அவர் எடுத்தார். படத்தில் மைனி கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். என் கணவர் பஸ் விழுந்துவிடுமோ என்று மேலே பார்க்கிறார். நான் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன். சிரிப்பது மகள் ஒருத்திதான்.

மைனி அன்றைக்குச் சாப்பிடாமல் போய்விட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த வாரம் வந்தார், பழம் வாங்கிக்கொண்டு. நான் தேநீர் போட்டுக் கொடுத்தேன். சொன்னதற்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. பஸ் பேச்சு அதற்குப் பிறகு யார் வாயிலிருந்தும் என் காதுக்கு வரவில்லை.

வீட்டில் அதிகம் பேசாத என் கணவர் ஒரு காரியம் செய்தார். யாரிடமும் சொல்லாமல் அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து, வருகிறவர்கள் உட்காரும் நாற்காலிக்கு நேர் எதிரே சுவரில் ஆணி அடித்தார். சற்று ஓரமாக மாட்டலாமே என்று வேண்டுமென்றே கேட்டுப் பார்த்தேன். அவர் சுத்தியலைக் கீழே வைக்காமலே, "இங்கதான்" என்றார்.