நான் எழுதிய ராஜா

திருவொற்றியூரில் எங்கள் அடுக்ககத்துப் பொங்கல் விழாவுக்கு, ஆரம்பகாலப் பேசும் படத்தைப் போல ஒரு காட்சி போடலாம் என்று யோசனை சொன்னவன் நான். வசனம் எழுதியவனும் நான். அந்தப் படங்களில் ராஜா வடமொழியில் முங்கி எழுந்த தமிழ் பேசுவார். தெருவில் பேசுகிற தமிழ் வேலைக்காரனுக்குத்தான், அதுவும் சிரிப்பு மூட்ட. நானும் அப்படியே எழுதினேன். ராணி வேஷத்துக்கு என் மனைவி ஒப்புக்கொண்டிருந்தாள். ஆகவே, "பிராணசகி! நின் வதனாரவிந்தம் கண்டு சந்திரனும் நாணினன்" என்பதை யார் சொல்வது என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

இயக்கியது மூன்றாம் மாடிப் பெண். சினிமா படிக்கிறாள். ராஜா வேஷத்தை எங்கள் மேல்வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் ராயபுரத்துத் தமிழ்.

"அங்கிள், நீங்க அர்த்தம் புரிஞ்சு பேசுறீங்க. கிளாஸ் எடுக்கிற மாதிரி இருக்கு. அந்தக் காலத்துல பல நடிகர்களுக்குத் தமிழே தெரியாது, மனப்பாடம் பண்ணித்தான் பேசுனாங்க. இவர் சொல்றதுதான் அப்படியே இருக்கு. நீங்க வேலைக்காரன் பண்ணுங்க. உங்களுக்கு அது தானா வருது."

தானாக வருகிறதாம். புத்தகம் புத்தகமாகப் படித்து நான் தேய்த்துக் கழுவிவிட்டதாக நினைத்திருந்த பாஷை.

"வதனாரவிந்தம்னா இன்னா நைனா?" என்று ஒத்திகையில் கேட்டார் ராஜா.

"மூஞ்சி."

"அத்த சொல்லவா இவ்ளோ பேஜாரு?" என்றவர், என் மனைவி பக்கம் திரும்பிக் கணீரென்று சொன்னார். அவள் வெட்கப்பட்டாள். நடிப்பு என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் அது முகத்தில் மிச்சமிருந்தது.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க" என்றாள். "அவர் சொன்னப்போதான் தெரிஞ்சுது."

ராஜா அந்த வசனத்தைச் சொல்லி முடித்ததும் நான் ஓடிவந்து மந்திரியின் வருகையை அறிவிக்க வேண்டும். விழாவன்று அவர் "பிராணசகி!" என்று அவள் கையைப் பிடித்தார். கையைப் பிடிப்பது நான் எழுதியதில் இல்லை. "நின்" என்பதற்குள் மேடையில் பாய்ந்துவிட்டேன்.

"மன்னா! மந்திரி வந்துகினு கீறாரு!"

ராஜா முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "வா நைனா, நல்ல டைம்ல வந்தே! மீதி எல்லாம் மறந்து பூட்ச்சு" என்றார், மைக்கிலேயே.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ராணி கிரீடத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். இன்னொரு கையை அவர் விடவில்லை. அடுத்து எனக்குச் சாமரம் வீசும் வேலை. இருவருக்கும் வீசினேன்.