சூளை மேல் எடுத்த குரூப் போட்டோ

போன வருஷம் தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது.

சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்குக்காரர்கள் பதினைந்து பேர் பஸ் பிடித்து, ஜூரோங் பக்கம் இருக்கிற பழைய டிராகன் சூளையைப் பார்க்கப் போனோம். ஏற்பாடு நான்தான். மேட்டுச் சரிவில், தகரக் கொட்டகைக்குக் கீழே, நீளமாகப் படுத்திருக்கிற செங்கல் குகை அது. அடிவாயில் தீ மூட்டினால் சூடு தானாக மேலேறி மறுமுனையில் புகையாகப் போகும். விறகு போட ரெண்டு பக்கமும் வரிசையாக ஓட்டைகள். ஒரு காலத்தில் ரப்பர் பால் பிடிக்கிற கோப்பைகளை இதில்தான் சுட்டார்களாம். சாம்பல் உருகி ஒட்டி ஒட்டி, உள்சுவர் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது.

வழிகாட்டி ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, புரியாதவர்களுக்கு நான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த தம்பி ஒருவர், கம்பெனி டி-சட்டையோடு, லீவு நாளில் தனியாக வந்திருந்தார். நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டே எங்களோடு நடந்தார். ஊரில் செங்கல் சூளையில் வேலை பார்த்தவராம். “கம்பி ஒண்ணுகூட இல்லக்கா, கல்லைக் கல்லே தாங்கி நிக்குது” என்று வளைவை அண்ணாந்து பார்த்துச் சொன்னார்.

வழிகாட்டி அந்தப் பக்கம் போனதும், எங்கள் புளோக்கில் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கிற அண்ணன் ஒருவர் குரூப் போட்டோ எடுக்கலாம் என்றார். நம் ஆட்களுக்குத்தான் போட்டோ இல்லாமல் சோறு இறங்காதே! கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி, மேட்டுப் பக்கமாகச் சூளையின் முதுகிலேயே ஏறிவிட்டோம். என் போனை அந்தத் தம்பியிடம் கொடுத்தேன்.

“ஏறாதீங்கக்கா, வளைவு தாங்காது” என்றார் அவர் பதறிப்போய்.

“நீ படத்தை மட்டும் எடு லா!” என்றார் அண்ணன். நானும் சும்மா இருந்தேனா? பஸ் காத்திருக்கு, சீக்கிரம் எடுங்க தம்பி என்று அதட்டினேன். எடுத்தார்.

நாங்கள் இறங்கும்போது உள்ளே தொப்பென்று சத்தம். வளைவிலிருந்து ரெண்டு செங்கல் பெயர்ந்து விழுந்து கிடந்தது.

சூளையைப் பார்த்துக்கொள்கிற சீனர் ஓடி வந்தார். அவர் வாயைத் திறக்கும் முன்னே அண்ணன் கையை நீட்டினார், அந்தத் தம்பியை நோக்கி! இவன்தான் ரொம்ப நேரமாக உள்ளே நோண்டிக்கொண்டிருந்தான் என்று கூசாமல் சொன்னார். அதோடு விட்டாரா, கம்பெனிக்குப் புகார் பண்ண வேண்டும் என்று டி-சட்டையில் இருந்த பெயரையும் படம் பிடித்தார். அந்த ஒரு புகார் போதும், அந்த மனுஷன் பிழைப்புக்கே உலை வைக்க. எங்களில் ஒருவராவது பேச வேண்டுமே? எல்லார் வாயிலும் கொழுக்கட்டை. என் வாயிலும்தான்.

“நான் இல்லக்கா” என்றார் என்னைப் பார்த்து. என் போன் அப்போதும் அவர் கையில்தான் இருந்தது. அந்தப் படத்தைக் காட்டினால் போதும், தப்பித்திருப்பார். காட்டவில்லை. யாரும் கேட்காமலே பத்திரமாக என்னிடம் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

அப்போதுதான் எனக்குச் சுரீரென்றது. படத்தைத் திறந்து அந்தச் சீனரிடம் நீட்டினேன். சூளை முதுகில் பதினைந்து பேர், நடுவில் பல்லைக் காட்டிக்கொண்டு நான். எங்களை வெளியே போகச் சொன்னார். டி-சட்டைப் படத்தை என் கண்ணெதிரே அழித்தால்தான் பஸ் கிளம்பும் என்று அண்ணனிடம் அடித்துச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே அழித்தார்.

“யாரோ ஒருத்தனுக்காக எங்க மானத்தை வாங்கிட்டீங்களே!” என்றார்.

“இருந்தாத்தானே வாங்குறதுக்கு!” என்றேன்.

மன்னிப்புக் கேட்கலாம் என்று திரும்பிப் போனேன். விழுந்த செங்கல்லைத் தூக்கி, அது எங்கிருந்து பெயர்ந்தது என்று சீனருக்குக் கை ஜாடையில் காட்டிக்கொண்டிருந்தார் அந்தத் தம்பி. “பரவாயில்லக்கா, நீங்க போங்க, பஸ் காத்திருக்கு” என்றார். என் வார்த்தையை எனக்கே திருப்பிக் கொடுத்த மாதிரி இருந்தது.

அந்தப் படத்தை நான் இன்னும் அழிக்கவில்லை. யாரையாவது பார்த்து ‘இவன்தான் செஞ்சிருப்பான்’ என்று சொல்ல நாக்கு துடித்தால் எடுத்துப் பார்க்கிறேன்: குற்றவாளிகள் பதினைந்து பேரும் சிரித்துக்கொண்டு நிற்கிறோம், பழி சுமந்தவர் மட்டும் அதில் இல்லை.