ஆமத்தூரைவிடப் பக்கத்தில் இருந்த மலை

எஸ்தர் அக்கா காலமான செய்தியை எனக்குச் சொன்னவர் ஒரு பட்டாசுக் கம்பெனி சூப்பர்வைசர். காலையில் டூட்டிக்குக் கிளம்பும்போது போன் வந்தது. “சிஸ்டர், எஸ்தர் சிஸ்டர் தவறிட்டாகளாமே. எத்தன மணிக்கு எடுக்கீக? எங்க கம்பெனி மாலைதான் மொத மாலையா விழணும்னு மொதலாளி சொல்லுதாரு.” போனைக் கட் செய்தேன். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

சிவகாசியில் தீக்காய வார்டில் அக்காவும் நானும் நர்ஸ்களாக ஒன்றாக வேலை பார்த்தோம். பட்டாசு விபத்தில் கை வெந்தவர்களுக்குப் புண் ஆறிய பிறகும் ஆபத்து உண்டு. தோல் சுருங்கி, கையை விலாவோடு இழுத்து ஒட்டிவிடும். தினமும் கையைத் தூக்கிப் பழக வேண்டும். அக்கா ஜன்னல் கம்பியில் கட்டுத்துணியைக் கிழித்து ஒரு முடிச்சுப் போட்டு, “இத எட்டித் தொடு” என்று எதிரிலேயே நிற்பார்கள். தொட்டுவிட்டால் முடிச்சு அடுத்த கம்பிக்கு ஏறும். வலியில் நோயாளிகள் வாய்க்கு வந்தபடி ஏசுவார்கள். “நல்லா ஏசு, ஆனா கையத் தூக்கிக்கிட்டே ஏசு” என்பார்கள் அக்கா.

நேபாளத்தில் உள்நாட்டுச் சண்டை ஓய்ந்த அடுத்த வருடம், மதுரையிலிருந்து அங்கே மலையேறப் போன ஒரு குழு கூடவர ஒரு நர்ஸைத் தேடியது. தீபாவளி முடிந்து வார்டு கொஞ்சம் காலியாகியிருந்த சமயம். அக்கா லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அங்கே யாக் மாடு மேய்ப்பவர்களின் கறுப்புக் கூடாரத்தில் தங்கியபோது, அடுப்பில் விழுந்து தோள் வெந்த ஒரு பெண்ணைப் பார்த்திருக்கிறார்கள். காயத்தில் வெண்ணெயை அப்பி வைத்திருந்தார்களாம். நம் ஊரில் பேனா மையை ஊற்றுவார்களே, அதே கூத்து. அக்கா மருந்து கட்டிவிட்டு, கூடாரக் கம்பத்தில் ஒரு கம்பளி நூலை முடிந்து, எட்டித் தொடச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

வரும்போது ஒரு கம்பளி கொண்டுவந்தார்கள். ஆட்டு வாடை. ஹாஸ்டலில் எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். “இது உசுருள்ள நாத்தம் கனகு. கருகுன நாத்தம் இல்ல” என்று என்னிடம் சொன்னார்கள்.

அடுத்த வருடமும் அக்கா கிளம்பியபோது சர்ச்சில் பேச்சு கிளம்பியது. கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு அந்த மலையில் என்ன வேலை என்று, ஜெபம் முடிந்த வாயோடு பேசினார்கள். அக்காவுக்கு இருந்த வேலை ஒன்றுதான். அந்தக் கை எவ்வளவு உயர்கிறது என்று பார்க்க வேண்டும். போன இடத்தில் கூடாரம் இல்லை. அந்த மேய்ப்பவர்கள் மேய்ச்சல் தேடி வேறு பள்ளத்தாக்குக்குப் போய்விட்டார்கள். வழிகாட்டி முணுமுணுக்க, அக்கா கண்டவர்களையெல்லாம் விசாரித்துக்கொண்டு மலைக்கு மலை நடந்திருக்கிறார்கள். கடைசியில் கண்டுபிடித்தபோது, அந்தப் பெண் இரண்டு கையையும் தூக்கிக் கூடாரக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாளாம். அதைச் சொல்லும்போது அக்கா வார்டு நடுவில் நின்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார்கள்.

அந்தச் சந்தோஷத்தோடுதான் ஆமத்தூருக்குப் போனார்கள். எங்கள் வார்டில் இருந்த முத்துமாரி, கை பாதி தேறுவதற்குள் வீட்டுக்குப் போனவள், திரும்பி வரவே இல்லை. நானும் கூடப் போனேன். வாசலிலேயே அவள் மாமியார் மறித்தார். “அவ ஊருல இல்ல சிஸ்டர். இருக்கன்குடி கோயிலுக்குப் போயிருக்கா.” உள்ளே அவள் இருமுவது எங்களுக்குக் கேட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனால் கேஸ் ஆகும், வீட்டில் பட்டாசுக்குத் திரி வைக்கிற வேலையும் போய்விடும் என்று, இப்போது மாலை போடத் துடிக்கிற அதே கம்பெனியின் ஆள் சொல்லிவிட்டுப் போனதைப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அதற்குப் பிறகும் இரண்டு முறை போனோம். கதவு திறக்கவில்லை.

பஸ்ஸில் வரும்போது அக்கா சொன்னது இது: “அம்புட்டுத் தூரம் நடந்து, பாசை தெரியாத ஒருத்தியக் கண்டுபிடிச்சிட்டேன். இந்தா இங்கன இருக்க ஆமத்தூர்ல ஒருத்தியப் பாக்க முடியல. தூ!” ஜன்னல் வழியாகத் துப்பினார்கள். அதற்கு முன் அக்கா துப்பி நான் பார்த்ததில்லை.

அந்தத் துக்கத்தோடுதான் இருந்தார்கள். மூளையில் ரத்தக்கசிவு, ஒரே இரவில் முடிந்துவிட்டது. அடக்கத்தன்று அந்தக் கம்பெனி மாலைதான் முதல் மாலை. “எங்க குடும்பத்துல ஒருத்தரு” என்று முதலாளி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். அந்தக் கைக்குட்டை நனையவில்லை, நான் பார்த்தேன். சர்ச்சில் பேசிய வாய்களும் வரிசையில் நின்று அக்காவைத் தேவதை என்றன.

எல்லோரும் குழியில் மண் போட்டுப் போன பிறகு, சுவர் ஓரமாக நின்றிருந்த முத்துமாரி வந்தாள். வலது கை விலாவோடு ஒட்டிக் கிடந்தது. மற்ற கையால் போட்டிருக்கலாம். அவள் வலது கையில்தான் மண்ணை அள்ளினாள். கையை நீட்ட முடியாமல், குழி விளிம்பில் மண்டியிட்டு, உடம்பு முழுவதையும் சாய்த்து அதை உதிர்த்தாள். நான் பிடித்துத் தூக்கினேன்.

“வார்டுக்கு வா.”

“விட மாட்டாக சிஸ்டர்.”

எஸ்தர் அக்கா, போய் வாருங்கள். உங்கள் மலைக்கு ஏற எனக்குத் தெம்பு கிடையாது. ஆமத்தூருக்கு டவுன் பஸ் இருக்கிறது. நாளைக்கு எனக்கு லீவு, பையில் கட்டுத்துணி எடுத்து வைத்துவிட்டேன். கதவைச் சாத்தினால், அவள் திறக்கிறவரை அந்த வாசலிலேயே நிற்பேன்.